காமாலை அட்டை

அந்த அட்டை கைக்கு வந்தபோது மூக்கம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், மேலே பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சரடு. 'நான் ஆங்கிலத்தை மறந்துவிட்டேன்' என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பன்னிரண்டு வாரமாக நாற்பது பேர் கையில் புரண்ட அட்டை. சரடு வேர்வையில் கறுத்துப் போயிருந்தது. உறையின் ஓரம் பிரிந்து, அந்தப் பிளவுக்குள் யார் சாப்பிட்ட சோற்றுப் பருக்கையோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி இந்த லட்சணத்தில் இருந்திருந்தால் அவள் கடையையே மூடச் சொல்லியிருப்பாள்.

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஹோட்டல்காரர்கள் வைத்தது. அவள் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். பதினெட்டு வருஷ சர்வீஸ். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். "மூக்கம்மா வர்றாங்க" என்று ஒரு கடையில் குரல் கேட்டால் அந்தத் தெரு முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். ஒரு கடையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. பையில் சொந்தத் தண்ணீர், ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட், வெள்ளைத் துணி. எதைத் தொட்டாலும் துடைப்பாள். வீட்டுக்காரர் கையைப் பிடித்தால்கூடத் துடைப்பாள் என்று ஆபீஸில் கிண்டல் உண்டு. அதில் பாதி உண்மை.

இப்படிப்பட்டவள் நாற்பத்திநான்கு வயதில் பல்கலைக்கழக விடுதியில் கட்டில் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் படிக்க வந்ததற்கு ஒரே காரணம், புது உத்தரவு. தலைமை ஆய்வாளர் ஆக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் தீவிர ஆங்கிலப் பயிற்சியில் எழுபது மதிப்பெண் எடுத்த சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் அந்த நாற்காலி அவளுக்கு அடுத்தவனுக்குப் போய்விடும். அடுத்தவன் எப்படிப்பட்டவன்? கடைக்குள் போனதும் இலையைப் போடச் சொல்லி, ஏப்பம் விட்டுவிட்டு, 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். அவன் ஏற்கெனவே இங்கிலீஷில் வெளுத்து வாங்குவான். ஊர் வயிறு இவன் கையிலா என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

ஆகவே வந்தாள். முதல் நாளே நாற்பது பேரையும் வரிசையில் நிற்கவைத்துக் கையை உயர்த்தச் சொன்னார் பயிற்சியின் இயக்குநர். எல்லோரும் ஆபீஸ்களில் இருந்து அனுப்பப்பட்ட வயது வந்த மனிதர்கள். முட்டி வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், பேரன் எடுத்த ஒருவர். எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டி, 'இந்த வளாகத்துக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேச மாட்டேன்' என்று உறுதிமொழி எடுத்தார்கள்.

அந்த இயக்குநருக்குப் பல் டாக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். எந்நேரமும் வாயைத் திற, வாயைத் திற என்பார். பல் தெரியச் சிரித்தபடி பேச வேண்டும், வாக்கியம் முடியும்போது குரல் மேலே ஏற வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அவரிடம் பத்து வாரம் படித்தால் எல்லோர் குரலும் ஒன்றாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாற்பது பேரும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருப்பார்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதும் தமிழ்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்கா போய் சிஸ்டர் ஆயிற்று. மூக்கம்மாவுக்குத் தன்னை யாரோ ஊசி போடக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

அந்த அட்டையும் அவர் கண்டுபிடிப்புத்தான். தமிழில் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் பிடிபட்டதாகக் கணக்கு. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைக்கு மன்னிப்பு உண்டு. பிடிக்கும் உரிமை அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும். தன் காதால் கேட்க வேண்டும். கேட்டால் அட்டையை அடுத்தவர் கழுத்துக்கு மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் உதவியாளர் வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போவார். அப்போது யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஐந்து மதிப்பெண் போச்சு. வீட்டுக்குப் பேச வேண்டுமா? கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். சாயங்காலம் ஆனால் அந்த நிறுத்தத்தில் நாற்பது பேரும் நின்று போனில் கத்திக்கொண்டிருப்பார்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மிரண்டு போவார்கள்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அட்டை வைத்திருப்பவர் மட்டும் பயமில்லாமல் தமிழ் பேசலாம். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? நாற்பது பேரில் ஒருவருக்கு மட்டும் அந்தச் சலுகை, அதுவும் தண்டனையோடு சேர்த்து. அட்டைக்குக் காமாலை என்று பேர் வந்ததும் இதனால்தான். அது கழுத்தில் ஏறிவிட்டால் கண்டவர்கள் எல்லாம் இரையாகத் தெரிவார்கள். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

பன்னிரண்டு வாரமும் மூக்கம்மா இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அருவருத்தாள். தாசில்தார் ஆபீஸ் மனுஷர் ஒருவர், கழுத்தில் காமாலையோடு, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் அரைமணி நேரம் ஒளிந்திருந்தார். ஒருத்தி தன் கூட்டாளியின் தட்டில் பல்லி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லி அலறவைத்துப் பிடித்தாள். இரண்டு பேர் ஒரே ஊர். பத்து வருஷச் சிநேகிதம். ஒருவர் மற்றவரிடம் செத்துப்போன தகப்பனாரைப் பற்றி விசாரித்து, அவர் கண் கலங்கி நாலு வார்த்தை பேசியதும் அட்டையை மாட்டிவிட்டார். 'இதெல்லாம் மனுஷப் பிறவியா? குப்பைத்தொட்டிப் பெருச்சாளிக்குக்கூட ஒரு மரியாதை இருக்கும்' என்று நினைத்துக்கொள்வாள். இங்கிலீஷில் பெருச்சாளிக்கு என்ன வார்த்தை என்று தெரியாததால் வெளியே சொல்லவில்லை.

அவள் ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. அந்தப் பெருமை கடைசி வாரம் புதன்கிழமை மதியம் வரைக்கும் இருந்தது.

புதன்கிழமை மெஸ்ஸில் வரிசையில் நின்றிருந்தாள். அந்த மெஸ்ஸைப் பற்றி அவள் மனசுக்குள் பதினாறு பக்க ரிப்போர்ட் எழுதி வைத்திருந்தாள். ஈரம் காயாத தட்டு, துருப்பிடித்த குழாய், சமையல்கட்டுச் சுவரில் கை துடைத்த தடம். பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு வாரம் ஓட்டிவிட்டாள். அன்றைக்கு, பரிமாறுகிறவர் தும்மினார். தும்மி, மூக்கைச் சிந்தி, அதே கையைச் சோற்று அண்டாவுக்குள் விட்டுக் கட்டியை உதிர்த்தார்.

"ஏய்யா, கையை எடு! மூக்கைச் சிந்தின கையாலேயா சோத்தைக் கிளறுறே? போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா!"

பதினெட்டு வருஷச் சர்வீஸ் தானாகப் பேசிவிட்டது. மெஸ்ஸில் அத்தனை தலைகளும் திரும்பின. அவளுக்குப் பின்னால் நின்ற மின்சார ஆபீஸ் கணக்கர் தன் கழுத்தில் இருந்த சரட்டைக் கழற்றினார். அவர் முகத்தில் கல்யாணக் களை.

"தேர்ட்டீன் வேர்ட்ஸ், சிஸ்டர்" என்றார், பல் தெரிய, குரலை மேலே ஏற்றி. எண்ணியிருக்கிறார் பாவி! அட்டையை அவள் தட்டின் மேலேயே வைத்தார்.

பரிமாறுகிறவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அண்டாவுக்குள் விட்டார். வரிசையில் எல்லோரும் தட்டை நீட்டினார்கள். அவளுக்கு எதைப் பார்த்து அதிகம் குமட்டியது என்று தெரியவில்லை, அந்தச் சோற்றையா, இந்த அட்டையையா.

மறுநாள் காலை மதிப்பெண் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். தேர்வெல்லாம் முடிந்தது, இனி குறைவதென்றால் வெள்ளிக்கிழமை அட்டையால்தான் குறையும். மூக்கம்மாவுக்கு எழுபத்திமூன்று. ஐந்து போனால் அறுபத்தியெட்டு. தலைமை ஆய்வாளர் நாற்காலியில் ஓசி இலைக்காரன் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்காருவது கண்முன் தெரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பன்னிரண்டு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தவள், அன்றைக்குக் களத்தில் இறங்கினாள்.

முதலில் அட்டையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். முன்னும் பின்னும், சரட்டையும், பிளவில் இருந்த பருக்கையை ஊசியால் எடுத்துவிட்டு உள்ளேயும். மாட்டிக்கொள்வதென்றாலும் சுத்தமாக மாட்டிக்கொள்ள வேண்டுமே.

பிறகு கணக்கரைத் தேடிப் போனாள். டீ வாங்கிக்கொண்டு போய், கை தவறியது போல அவர் பாதத்தில் ஊற்றினாள். அந்த மனுஷர் துள்ளிக் குதித்து, "ஔச்! ஔச்!" என்றார். சூடு பட்டால்கூட இங்கிலீஷில் அலறுகிற அளவுக்குத் தேறிவிட்டிருந்தார். வகுப்பில் முன்வரிசை ஆளிடம் அவர் பையில் பூரான் ஊர்கிறது என்றாள். அவர் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசினார், வாயைத் திறக்கவில்லை. கடைசி வாரம் அல்லவா, எல்லோரும் உதட்டைத் தைத்துக்கொண்டுவிட்டார்கள். சாயங்காலம் குளியலறையில் யாரோ முணுமுணுவென்று பாடுவது கேட்டது. வார்த்தை வரும் வரும் என்று கதவோரமாகக் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். அடைத்துக்கொண்ட சாக்கடைத் தண்ணீர் அவள் கணுக்கால் வரை. தலைமுடிக் கொத்து ஒன்று விரல் இடுக்கில் சுற்றியது. மற்ற நாளாக இருந்தால் வாந்தி எடுத்திருப்பாள். அசையாமல் நின்றாள். உள்ளே பாட்டு வெறும் ராகமாகவே முடிந்து, கதவு திறந்தது. வெளியே வந்தவள் அவளையும் அட்டையையும் பார்த்துவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மூக்கம்மாவுக்குத் தன்மேலேயே ஒரு நாற்றம் வந்தது. சோப்புப் போட்டால் போகிற நாற்றம் இல்லை என்று தெரிந்தும் இரண்டு தடவை குளித்தாள்.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் ஒரு நூலகக்காரி. முப்பது வயது இருக்கும். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. இந்தச் சான்றிதழ் கிடைத்தால் நிரந்தரம். அவளுக்கு எழுபத்தியொன்று. பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள், சந்தோஷத்தில். சாது. மூக்கம்மாவின் சுத்தத்துக்குப் பயந்து, தன் பாதி அறையை அவளை விட நன்றாகவே பெருக்கி வைப்பாள். ராத்திரி தூக்கத்தில்கூடப் புலம்ப மாட்டாள். 'இவளிடம் மட்டும் வேண்டாம்' என்று வியாழக்கிழமை மூக்கம்மா நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னைக் கொஞ்சம் மெச்சியும் கொண்டாள்.

நூலகக்காரியின் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. சனிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். ஐந்து மணிக்குப் பயிற்சி முடிந்ததும் பஸ் பிடித்துப் போய்விடலாம் என்று நூலகக்காரி பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவளுடைய போன் ஒரு கிழட்டுப் போன். காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். பேட்டரி நாள் முழுக்கக் கரண்ட் குடித்தால் பத்து நிமிஷம் ஓடும். வெள்ளிக்கிழமை மதியம் பஸ் நிறுத்தத்தில் நின்று தம்பியோடு அந்தப் பத்து நிமிஷத்தைப் பேசித் தீர்த்துவிட்டு வந்து, சுவரில் சொருகி வைத்திருந்தாள்.

நாலு நாற்பதுக்கு அது அடித்தது. அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். மூக்கம்மா அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள், கழுத்தில் காமாலை.

"அக்கா, அம்மாவை இன்னிக்கே உள்ள கொண்டுபோறாங்கக்கா" என்றது தம்பியின் குரல், அறை முழுக்க. "கட்டி உள்ளுக்குள்ள உடைஞ்சிடுச்சாம். தள்ளுவண்டியில ஏத்தியாச்சு. உன் குரலைக் கேக்காம வர மாட்டேன்னு கம்பியைப் பிடிச்சுட்டு அடம் பிடிக்கிறாங்க. டாக்டர் ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காரு. பேசு."

நூலகக்காரி போனை எடுத்தாள். வயர் இழுத்துப் பிடித்தது. பிடுங்கினால் போன் செத்துவிடும். கேட் அரை மைல். அவள் மூக்கம்மாவைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

"சிஸ்டர், ப்ளீஸ்" என்றாள். கதவைக் காட்டினாள். "டூ மினிட்ஸ். ப்ளீஸ் கோ அவுட்."

மூக்கம்மாவுக்கு அது புரியாமல் இல்லை. பச்சைக் குழந்தைக்கும் புரிகிற இங்கிலீஷ். கதவு நாலு எட்டில் இருந்தது. போவதென்றுதான் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். வைத்தவள், வேறொரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எழுபத்திமூன்று, அறுபத்தியெட்டு. நான் என்ன எனக்காகவா, ஊர் வயிற்றுக்காகத்தானே என்று உள்ளே ஒரு குரல் வக்கீல் மாதிரி பேசிக்கொண்டே இருந்தது. கால் கல்லாய்ப் போய்விட்டது என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. காது கூர்மையாக இருந்தது.

"என்னம்மா, எங்க இருக்கே?" என்றது ஒரு கிழக்குரல், மூச்சு வாங்கியபடி. "பேசு கண்ணு."

நூலகக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா" என்றாள். ஒரு வார்த்தை. பிறகு, "ஐ ஆம் ஹியர். டோன்ட் வொரி. ஐ வில் கம் டுநைட்."

பயத்தில் அவளுக்கு வந்தது வகுப்பில் பழகிய குரல். வாயைத் திறந்து, முடிவில் மேலே ஏற்றிய குரல். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, பல் தெரிய அந்தக் குரல் வந்தது.

அந்த அம்மாள், "டேய், போன் கம்பெனிக்காரி பேசுறாடா. என் பொண்ணைக் கூப்பிடுடா" என்றாள்.

"அக்காதாம்மா அது. அக்கா, என்ன விளையாட்டு இது? நேரா பேசு!"

"ஐ கெனாட், பிரதர். ஐ கெனாட்." அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மதர், ஐ லவ் யூ. பி பிரேவ்."

"யாருங்கம்மா நீங்க?" கிழவியின் குரல் இப்போது மரியாதையாகிவிட்டது. ஆபீஸ்காரர்களிடம் ஏழைகள் பேசுகிற மரியாதை. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என் பொண்ணுகிட்டக் கொஞ்சம் குடுங்கம்மா. என்னைக் கத்தி வைக்கக் கூட்டிட்டுப் போறாங்க. ஒரே ஒரு வார்த்தை."

அந்தக் கட்டடத்தில் அந்த நிமிஷம் பயமில்லாமல் தமிழ் பேசக்கூடிய ஒரே ஜீவன் மூக்கம்மாதான். அட்டை அவள் கழுத்தில் இருந்தது. 'உங்க பொண்ணுதாம்மா பேசுறா, பக்கத்துலதான் நிக்கிறா' என்று அவள் எட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறையாது, அவளுக்கும் சரி, இவளுக்கும் சரி. அது அவளுக்கு அப்போதே தோன்றியது. தோன்றிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பன்னிரண்டு வாரமும் அவள் பார்த்து அருவருத்த எந்தப் பெருச்சாளியும் செய்திருக்குமா என்பது சந்தேகம்.

"வண்டியை எடுக்கிறாங்கக்கா!" என்றான் தம்பி.

"அம்மா, நான்தாம்மா பேசுறேன்!" என்றாள் நூலகக்காரி.

மூக்கம்மா எண்ணினாள். வேண்டும் என்று எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள். மூன்று.

அதற்குப் பிறகு எண்ணிக்கையே இல்லை. அணை உடைந்த மாதிரி பேசினாள். பயப்படாதேம்மா, மயக்க ஊசி போட்டா ஒண்ணுமே தெரியாது, நீ கண்ணு முழிக்கிறப்போ நான் பக்கத்துல இருப்பேன், உன் தலையை நான்தான் வாரிவிடுவேன், அவன் வாரினா பிடுங்கிடுவான். கிழவி சிரித்தாள். "வந்துட்டியா கண்ணு" என்றாள், மகள் ஏதோ பக்கத்து அறையில் இருந்து எழுந்து வந்தது போல. தள்ளுவண்டிச் சக்கரம் உருள்கிற சத்தம் கேட்டது. லைன் கட்டாயிற்று.

நூலகக்காரி போனைச் சுவரோரமாகவே வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை மேலாக்கி, கையைப் பின்பக்கமாக நீட்டினாள். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

மூக்கம்மா சரட்டைக் கழற்றினாள். 'வேண்டாம்மா, போ' என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. பழக்க தோஷம், அவள் கை பைக்குள் போயிற்று. ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து, துணியில் நனைத்து, அட்டையை முன்னும் பின்னும் துடைத்தாள். எரியுற வீட்டில் பிடுங்குகிறவன்கூட இப்படித் துடைத்துவிட்டுப் பிடுங்க மாட்டான். துடைத்து, அந்தக் கையில் வைத்தாள்.

கை ஈரமானதும் நூலகக்காரி திரும்பினாள். அட்டையை மோந்து பார்த்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் கட்டிலில், கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் மூக்கம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஒரு கடையின் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கம்மா எத்தனையோ தடவை வெளியே வந்திருக்கிறாள்; அப்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மணி நாலு நாற்பத்தியொன்பது.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழலாம். "நான்..." என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அட்டை இப்போது அந்தப் பக்கம் இருந்தது. எதிரே இருப்பவளுக்குக் காது இருக்கிறது. இன்னும் பதினோரு நிமிஷம்.

நூலகக்காரிக்கு அது புரிந்துவிட்டது. அட்டையைக் கையில் பிடித்தபடி, பன்னிரண்டு வாரத்தில் முதல்முறையாக, "அக்கா" என்று கூப்பிட்டாள். "ஏதோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்கக்கா."

மூக்கம்மா அவளைப் பார்த்தாள். மன்னிச்சிடும்மா, தப்புப் பண்ணிட்டேன். மூன்றே வார்த்தை. நாக்கு நுனியில் நின்றது.

"தமிழ்லயே சொல்லுங்க. நான் கேக்கிறேன்."

நடைவழியில் ஆபீஸ் உதவியாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எப்போதும் கொஞ்சம் முன்னதாகவே வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வருவார். மூக்கம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தாள், பல் தெரிந்தது.

"ஐ ஆம் வெரி சாரி, சிஸ்டர்" என்றாள். "ஐ ஆம் ரியலி, வெரி சாரி."

ஒரு எழுத்து பிசகவில்லை. முடிவில் குரல் தானாக மேலே ஏறியது.

நூலகக்காரி அட்டையை மடியில் விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா வந்துடுச்சுக்கா" என்றாள்.